கழுவிய கரி

அடுப்புப் பற்றவைக்கத் தெரியாதவள் என்று எங்கள் வீட்டில் எனக்குப் பெயர். அம்மா ஊருக்குப் போயிருந்தால் அப்பா எதற்கும் இருக்கட்டும் என்று காலையிலேயே கடை இட்லி வாங்கி வந்துவிடுவார். அப்படிப்பட்ட நான் கோவில்பட்டியில் ஒரு பட்டறையில் ஐந்து வருஷம் கரி எரிப்பதையே வேலையாகச் செய்தேன் என்பதை நினைத்து என் அக்கா இன்றைக்கும் சிரிப்பாள். சிரிக்கட்டும். சரியாகச் சொன்னால் அது எரிக்கிற வேலை அல்ல, முழுசாக எரியவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலை.

கரிக்குக் காற்றை அளந்து கொடுத்து அரைகுறையாக எரியவைத்தால் அதிலிருந்து ஒரு வாயு வரும். அந்த வாயுவே தீப்பற்றி எரியும். அதை வடிகட்டி, ஆறவைத்து, எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோல் இல்லாமல் எஞ்சின் ஓடும். எஞ்சின் ஓடினால் ஜெனரேட்டர் சுற்றும், கரண்ட் வரும். இவ்வளவுதான் விஷயம். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் அரைப் பக்கம்கூட வராது. பட்டறையில் அது எங்களுக்குத் தண்ணீர் காட்டியது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் வேதியியல் படித்துவிட்டு, டீச்சர் டிரெயினிங்குக்கு மட்டும் போகமாட்டேன் என்று அடம்பிடித்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது பட்டறைக்காரர் அப்பாவிடம், கேஸ் சோதித்துப் பார்க்கப் படித்த ஆள் ஒருவர் வேண்டும், உங்கள் மகளை அனுப்புவீர்களா என்று கேட்டார். அப்பா யோசிப்பதற்குள் நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

பட்டறைக்காரரை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். பருத்தியில் கொட்டை எடுக்கிற பஞ்சுப் பேட்டைக்கும் தீப்பெட்டி ஆபீசுகளுக்கும் மிஷின் செய்து கொடுப்பது அவர் தொழில். கரி கேஸ் அவருடைய பைத்தியம். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது, முதுகில் ஒரு பெரிய உருளையைக் கட்டிக்கொண்டு எட்டயபுரம் ரோட்டில் போன கரி பஸ்ஸைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். மேட்டில் பஸ் திணறினால் ஆட்கள் இறங்கித் தள்ளுவார்களாம். மற்றவர்கள் அதைச் சிரிப்புக் கதையாகச் சொல்வார்கள். அண்ணாச்சியோ, தள்ளாமல் ஓடவைக்க முடியும் தங்கச்சி என்று என்னிடம் வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வார்.

முதலில் நிலக்கரியில்தான் ஆரம்பித்தோம். ரயிலுக்கு நீராவி எஞ்சின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்த காலம், அதனால் அந்தக் கரி கொஞ்சம் கிடைத்தது. கேஸும் வந்தது. கூடவே தாரும் வந்தது. எவ்வளவு வடிகட்டினாலும் ஏதோ ஒரு வழியில் எஞ்சினுக்குள் புகுந்துவிடும். எஞ்சினை நிறுத்தி ஆறவைத்துவிட்டு மறுநாள் திறந்தால், வால்வுகள் கடலைமிட்டாய்ப் பாகில் விழுந்த மாதிரி ஒட்டிக் கிடக்கும். பட்டறையின் ஃபிட்டர் அவற்றை மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டிக்கொண்டே, கல்யாணமான புதிதில் கூட இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை என்பார். ஒரு வருஷம் போல இப்படியே போனது. வடிகட்டிக்குத் தேங்காய் நார், பிறகு பஞ்சுக் கழிவு, பிறகு இரண்டும் மாறி மாறி. தார் எதற்கும் மசியவில்லை.

கடைசியில் அண்ணாச்சி நிலக்கரியை விட்டுவிட்டு விறகுக்கரிக்கு வந்தார். விளாத்திகுளம் பக்கமெல்லாம் சீமைக்கருவேல் காடு. அதை வெட்டி அடுக்கி, மேலே மண்ணைப் போட்டு மூடி, உள்ளே தீயை விட்டுப் பல நாள் புகையவைத்துக் கரியாக்குவார்கள். கரிமூட்டம் என்று பெயர். மூட்டத்திலேயே தாரெல்லாம் புகையாகப் போய்விடுவதால் அந்தக் கரியில் எஞ்சின் ஒட்டவில்லை. முதல் நாள் குழாய் நுனியில் நான் தீக்குச்சியை நீட்டியபோது, அது வரைக்கும் மஞ்சளாகப் புகைந்து அழுத கேஸ் சுத்த நீலமாக எரிந்தது. அந்த நீலத்தைப் பார்த்ததில் எனக்கு வந்த சந்தோஷம் பரீட்சையில் பாஸானபோதுகூட வரவில்லை. என் புடவையில் பாதி கரித்தூள், தலை முழுக்கக் கேஸ் தலைவலி, ஆனாலும் வீட்டுக்குப் போக மனசில்லை. அந்த ஐந்து வருஷத்தில் எனக்குப் பிடித்த நாள் எது என்று கேட்டால் யோசிக்காமல் அதைச் சொல்வேன்.

ஆனால் எங்கள் ஊர் மண் சும்மா விடுமா? கரிசல் மண்ணைப் போட்டுத்தானே மூட்டத்தை மூடுகிறார்கள். அந்த மண் கரியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிற மண், கரியை மட்டும் எப்படி விடும்? உலைக்குள் இருக்கிற சூட்டில் அது உருகி, கண்ணாடிக் கட்டியாக இறுகி, சாம்பல் விழுகிற சல்லடையை அடைத்துவிடும். மூன்று மணி நேரம் ஓடினால் நான்காவது மணியில் எஞ்சின் இருமும். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு எல்லாரும் இறங்க வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் நாகலாபுரத்துப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் விஷயம் வந்தது. அந்த ஊரில் அரசாங்கம் ஆழ்துளைக் கிணறு தோண்டி, மோட்டாரையும் இறக்கிவிட்டது. கரண்ட் கம்பம் மட்டும் மூன்று மைலுக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மழை பொய்த்து இரண்டாவது வருஷம், ஊருணி வெடித்துக் கிடந்தது. பெண்கள் காட்டுக் கிணறு ஒன்றுக்கு நடந்து போய், ஊற ஊற மொண்டு, தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, மேலே கொண்டுவரக் கரண்ட் இல்லை என்கிற கதை. அண்ணாச்சி அலைந்து திரிந்து மேலதிகாரி ஒருவரைச் சம்மதிக்கவைத்தார். அவர் ஒரே நிபந்தனை போட்டார். எங்கள் மிஷின் அந்த ஊரிலேயே, அந்த ஊர்க் கரியிலேயே, அவர் கண் முன்னால் ஐந்து மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். ஓடினால் மிஷினை அங்கேயே நிரந்தரமாக வைத்து மோட்டாருக்கு இணைப்புக் கொடுக்கலாம். நின்றால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். கரண்ட் ஏறி இறங்கினால் மோட்டார் புகைந்துவிடும் என்பதால், சோதனையன்று மோட்டாரைத் தொடக்கூடாது, பல்புகளை எரித்துத்தான் காட்ட வேண்டும்.

அந்த ஊரில் கரிமூட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு முன்னால் நின்று பேசுகிறவள் ஒருத்தி. என் வயதுதான் இருக்கும், குரல் மட்டும் என்னைவிட இரண்டு மடங்கு. சேலை கட்டி, கைப்பை வைத்துக்கொண்டு வருகிற பெண் என்றால் ஒன்று நர்ஸ், இல்லாவிட்டால் டீச்சர் என்பது அவர்கள் கணக்கு. என் கையில் ஊசி இல்லாததால் நான் டீச்சர் ஆனேன். எந்த வேலைக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தேனோ அந்தப் பெயரே வந்து ஒட்டிக்கொண்டது.

சோதனைக்கு இரண்டு வாரத்துக்கு முன்னால் அவர்களைக் கூட்டி வைத்துப் பேசினேன். உருகி இறுகிய மண் கட்டியைக் கையில் கொடுத்துக் காட்டினேன். இந்த மண்ணால்தான் மிஷின் நிற்கிறது, கரி சுத்தமாக இருக்க வேண்டும், ஒரு பொட்டு மண் ஒட்டியிருக்கக் கூடாது என்று சொன்னேன். ஒரு தடவை அல்ல, நாலு தடவை. டீச்சர் என்று கூப்பிட்டுவிட்டார்கள் அல்லவா, நானும் டீச்சராகவே பேசினேன். அவர்கள் தலையை ஆட்டினார்கள். குரல்காரி கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மண்ணு இல்லாமக் கொடுத்தாப் போதும்லா டீச்சர் என்று கேட்டாள். அது போதும் என்றேன்.

சோதனை நாள் காலையில் லாரியில் மிஷினோடு போய் இறங்கினோம். ஊரே அங்கே நின்றது. மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். அண்ணாச்சி ஒரு பக்கமாகத் திரும்பிச் சிலுவை போட்டுக்கொண்டார். கரி மூட்டைகள் வரிசையாக இருந்தன. ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். அப்படி ஒரு கரியை நான் அதுவரை பார்த்ததில்லை. பளபளவென்று, மண் வாசனையே இல்லாமல், கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி இருந்தது. குரல்காரி பெருமையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அருமை என்று சொன்னேன்.

இரண்டு கரித்துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பது என் வழக்கம். நல்ல கரி கணீரென்று கேட்கும், ஈரக் கரி மொத்தென்று கேட்கும். அன்றைக்கும் தட்டியிருப்பேன். ஆனால் அதிகாரியின் ஜீப் புழுதி தெரிகிறது என்று யாரோ சொன்னார்கள். லாரியில் மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்ததில் என் முகம் முழுக்கக் கரி. குரல்காரி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். இரண்டு மடக்குக் குடித்தேன். மிச்சத்தை ஊற்றி முகத்தைக் கழுவிக்கொண்டேன். கரிசல் மண் அதை நொடியில் குடித்துவிட்டது. அவள் காலிச் செம்பை வாங்கிக்கொண்டு போனாள்.

உலையின் அடியில் பட்டறையிலிருந்து கொண்டுவந்த பழைய கரி இருந்ததால் ஆரம்பம் அமர்க்களமாக இருந்தது. நீலத் தீ. எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. பலகையில் வரிசையாக மாட்டியிருந்த பல்புகள் பட்டப்பகலில் பளிச்சென்று எரிந்தன. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் தாண்டியது. மேலே கொட்டிய புதுக் கரி கீழே இறங்க இறங்க, பல்புகள் மஞ்சளாகி, பிறகு பழுத்துச் சிவந்து, கம்பி மட்டும் தெரிய ஆரம்பித்தன. ஃபிட்டர் காற்றுத் திருகைத் திருகினார். அண்ணாச்சி உலையைத் தட்டினார். நான் சோதனைக் குழாயைப் பார்த்தேன், கேஸில் சத்தே இல்லை. இரண்டு மணி நேரம் ஆவதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினோம், நின்றது. மறுபடியும் நின்றது. அதிகாரி நல்ல மனுஷர்தான், சத்தம் போடவில்லை. என்ன காரணம் என்று எழுதி அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஊர் சனம் கலைந்தது. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

உலை ஆறியதும் மேல் மூடியைத் திறந்தோம். மூடியின் உட்புறம் தண்ணீர் சொட்டியது. உள்ளே இருந்த கரி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அண்ணாச்சிக்கு ஒரு நொடியில் உயிர் வந்துவிட்டது. ஈரக் கரி! எங்கள் மிஷினில் குற்றம் இல்லை! எனக்கு வந்தது கோபம். தலைவலியோடு சேர்ந்த கோபம். மூட்டம் போடுகிற இடத்துக்கு விறுவிறுவென்று நடந்தேன். குரல்காரி வீட்டு வாசலில் குந்தியிருந்தாள். கரியில் எப்படித் தண்ணீர் வந்தது என்று கேட்டேன், கேட்ட குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் எழுந்து நின்றாள். "நீங்கதான டீச்சர் சொன்னீங்க, ஒரு பொட்டு மண்ணு இருக்கக்கூடாதுன்னு. தேங்கா நாரு வச்சுத் தேச்சுப் பாத்தோம், போகல. அதான் ஆளுக்கு ரெண்டு கொடம் ஊத்திக் கழுவிட்டோம். வெயில்லதான காய வச்சோம்."

அப்போதுதான் அவள் வீட்டுக்குள் பார்த்தேன். குடங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்து வீட்டிலும் அப்படியே. மேலே காய்ந்திருந்த கரி உள்ளே தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியும், அவளுக்கு எப்படித் தெரியும்? மூட்டத்துக் கரியை அவர்கள் ஆயுசில் கழுவியதே இல்லை. குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் கரியைக் கழுவுகிறவர்கள் யார்? நாங்கள் கேட்டதால், அந்த மிஷின் ஓடினால் தண்ணீர் வரும் என்பதால், இருந்த தண்ணீரை எல்லாம் கொட்டிக் கழுவியிருக்கிறார்கள். முந்தின நாள் பிள்ளைகளுக்கு மட்டும் தண்ணீர் வைத்துக்கொண்டு பெரியவர்கள் சோற்றுக்கு உலை வைக்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். காலையில் எனக்குக் கொடுத்த செம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. முகத்தில் அந்தத் தண்ணீர் இன்னும் இருப்பது போலக் கூச்சமாக இருந்தது. அவமானம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணாச்சி அறிக்கையை வாயாலேயே எழுதிக்கொண்டு வந்தார். ஊரார் கொடுத்த கரி ஈரமாக இருந்தது, இயந்திரத்தில் குறையில்லை, அவ்வளவுதான். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அப்படி எழுதினால் அந்த அதிகாரி என்ன செய்வார்? மிஷின் நல்லது, ஊர் சரியில்லை என்று வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார். அதைச் சொன்னேன். அண்ணாச்சிக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"ஊரு மேல தப்புன்னா அவியளுக்கு மிஷின் கெடையாது. நம்ம மேல தப்புன்னா நமக்கு மிஷினே கெடையாது. நீயே சொல்லு, எதை எழுத?" என்றார்.

மறுநாள் பட்டறையில் உட்கார்ந்து நானே எழுதினேன். கரியில் மண் இருக்கக் கூடாது என்று சொன்ன நான், ஈரமும் இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஊரார் சொன்னதற்கு மேலேயே செய்தார்கள், குடிதண்ணீரைக் கொண்டு கழுவினார்கள். மூட்டைகளைத் தட்டிப் பார்க்க வேண்டியதும் என் வேலை, பார்க்கவில்லை. தவறு என்னுடையது. இவ்வளவுதான் எழுதினேன். பாதிரியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இப்படிச் சுற்றி வளைக்காமல் பேசியதில்லை. அண்ணாச்சி படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். உன்னைப் போய் வேலைக்கு எடுத்தேன் பார் என்று சொல்லிவிட்டு, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

ஒரு மாதத்துக்கு மேல் பதில் இல்லை. பட்டறையில் அண்ணாச்சி என்னோடு அளவாகத்தான் பேசினார். நான் வாரம் இரண்டு தடவை பஸ் ஏறி அந்த ஊருக்குப் போய்வந்தேன். குரல்காரி என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு நாள் தானாகவே, மூட்டத்துக்கு மேல் காய்ந்த பனையோலையை மெத்தையாகப் பரப்பிவிட்டு அதற்கு மேல் மண்ணைப் போட்டால் மண் கரியைத் தொடாதே என்றாள். மூட்டத்தைப் பிரிக்கும்போது தண்ணீர் தெளித்து அணைக்காமல் தானாக ஆறவிடலாம் என்றாள். செய்து பார்த்தோம். மிச்சம் ஒட்டியிருந்ததைச் சல்லடையில் போட்டு உலுக்கினால் உதிர்ந்துவிட்டது. நான் கரியைத் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். இரண்டே வாரத்தில் அவர்கள் காது என் காதைவிடத் தேறிவிட்டது. நான் நல்ல கரி என்று எடுத்து வைத்ததில் பாதியை அவள், இது மொத்துங்குது டீச்சர் என்று திருப்பிப் போட்டாள். எனக்கு அது தேவைதான்.

இன்னொரு முறை பார்க்கலாம் என்று ஒரே வரியில் அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. அண்ணாச்சி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இரண்டாவது தடவை சந்தனம் குங்குமம் எல்லாம் இல்லை. கூட்டமும் இல்லை. ஒரு தடவை ஏமாந்தவர்கள் வாசலில் நின்றபடியே பார்த்தார்கள். மூட்டைகளை அவளும் நானும் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தட்டினோம். காலையில் கிளப்பினோம். நான்காவது மணியில் எல்லார் காதும் அந்த இருமலுக்குக் காத்திருந்தது, வரவில்லை. ஐந்தாவது மணியும் முடிந்தது. பல்பு ஒன்றுகூட மங்கவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், பிறகு அதுவரை யாரும் தொடாத அந்த மோட்டார் ஒயரைக் காட்டி, இணைப்புக் கொடுத்துப் பாருங்கள் என்றார்.

எஞ்சின் ஒரு கணம் அழுந்திப் பிறகு நிமிர்ந்தது. குழாய் முதலில் வெறும் காற்றைக் கக்கியது. பிறகு சேறு. பிறகு கலங்கல். பிறகு, லேசான உவர்ப்போடு, கை தடிமனுக்குத் தண்ணீர். வாசலில் நின்றவர்கள் குடத்தைத் தேடி உள்ளே ஓடினார்கள். ஃபிட்டர் குழாய்க்கு அடியில் தலையைக் கொடுத்து நின்றார். அண்ணாச்சி ஓரமாகக் கிடந்த கரித் தொட்டியின் மேல் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மிஷின் இரண்டு வருஷம் போல ஓடியது. பிறகு கம்பம் வந்தது, கரண்ட் வந்தது, மிஷினைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். உலைத் தகடு என்ன ஆனது என்று தெரியாது. நானும் கல்யாணமாகி வெளியூர் வந்துவிட்டேன். அதெல்லாம் நடக்கிறபடி நடந்தது. அன்றைக்கு நடந்தது மட்டும் எனக்குப் போதும்.

அன்றைக்கு எல்லாரும் தண்ணீர் பிடித்து முடிக்கும்வரை நான் எஞ்சினோடு நின்றேன். நாள் முழுக்க அதைச் சுற்றி வந்ததில் முகம் முழுக்கக் கரி. குரல்காரி வந்தாள். கையில் அதே செம்பு, இடுப்பில் தளும்பத் தளும்ப ஒரு குடம். செம்பை நிரப்பி என்னிடம் நீட்டினாள்.

"அன்னைக்கு மாதிரி மூஞ்சியக் கழுவுங்க டீச்சர். ஒண்ணும் நெனைக்காதீங்க. இன்னைக்குத் தண்ணி கெடக்கு."

செம்பை வாங்கி முதலில் குடித்தேன், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல். அவள் மறுபடி நிரப்பினாள். அதை ஊற்றி முகத்தைக் கழுவினேன். அவள் குடத்தைச் சாய்த்து ஊற்றிக்கொண்டே இருந்தாள், நானும் கழுவிக்கொண்டே இருந்தேன். கரி எப்போதோ போய்விட்டது. அழுகிறவளுக்கு அதைவிட வசதி வேறு இல்லை.